அக்காவின் எலும்பில் எடுத்த துணுக்கு

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரின் முதல் கட்டுரையை எழுதும் உரிமையை அக்கா மகனிடம் வாதாடித்தான் பெற்றேன். செல்வியும் எழுத விரும்பினாராம். செல்வி, அத்தானுடைய தம்பியின் மனைவி. நான் உடன்பிறந்த ஒரே தங்கை. வரிசை என்று ஒன்று இருக்கிறது.

நெடுங்காட்டில் பிறந்த அக்கா கோட்டுச்சேரியில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் இளம் வயதிலேயே காலமானார். வாய்க்காலில் தண்ணீர் வந்த ஆண்டும் வராத ஆண்டும் நிலத்தை விடாமல் பார்த்து மகனை ஆளாக்கினார் அக்கா. யாரையும் கடிந்து பேசியதில்லை. என்னைக் கடிந்திருக்கிறார், அது வேறு. நான் புதுச்சேரியில் அறுவை அரங்கச் செவிலியாக இருந்த காலமெல்லாம் செல்வி அக்காவோடு ஒரே வீட்டில் இருந்தார். அக்காவுக்குத் தலை வாரிவிட்டார். என்னைப் போலவே "அக்கா" என்றே அழைத்தார். விடுமுறையில் போகும் எனக்கு நல்ல தட்டில் சோறு போட்டார்கள். விருந்தாளிக்குத்தானே நல்ல தட்டு.

அக்காவுக்கு முழங்காலுக்கு மேலே தொடையில் வலி வந்தபோது செல்வி தைலம் தேய்த்தார். படுத்திருந்தாலும் வலிக்கிறது என்று தொலைபேசியில் கேட்டதும் நான் கிளம்பி வந்து எக்ஸ்ரே எடுக்கவைத்தேன். எலும்பில் நிழல் தெரிந்தது. கீழவாஞ்சூர்த் துறைமுகத்தில் வேலை பார்க்கும் மகனின் சட்டையில் ஒட்டிவந்த நிலக்கரித் தூசிதான் காரணம் என்று ஓர் உறவினர் கண்டுபிடித்தார். அந்தச் சட்டைகளைத் துவைத்தவர் செல்வி. அவர் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

படம் எலும்பில் ஏதோ இருக்கிறது என்று காட்டும். அது காசநோயா, வேறெங்கோ தொடங்கிய புற்றுநோய் அங்கே வந்து தங்கியதா, எலும்பிலேயே பிறந்ததா என்பதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஒன்றுக்கு மாத்திரை, ஒன்றுக்குக் கத்தி. துணுக்கு எடுக்கும் ஊசியைச் செலுத்துமுன் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட வேண்டும். பின்னால் அறுவை செய்யப்போகும் மருத்துவரே ஊசி போகும் வழியைத் தீர்மானிக்க வேண்டும், ஏனென்றால் கட்டியோடு அந்த வழியையும் சேர்த்து எடுப்பார்கள். கண்ட இடத்தில் குத்தினால் காலே போகலாம். இவ்வளவையும் அக்காவிடம் பொறுமையாக விளக்கினேன். அக்காவுக்கோ, ஊசி பட்டால் நோய் பரவிவிடும் என்ற பயம். முறையாக எடுத்தால் அந்தப் பயம் வேண்டாம் என்றேன். தலையாட்டிவிட்டு, செல்வியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

செல்வி எதையும் விளக்கவில்லை. "நானும் கூட வர்றேன்க்கா. வலிச்சா என் கையைப் புடிச்சுக்குங்க" என்றார். அக்கா உடனே சம்மதித்தார். என் பணிக்காலம் முழுவதும் ஒரு கைக்கு ஈடாகவில்லை.

புதுச்சேரி மருத்துவமனையில் விதி என் பக்கம் இருந்தது: கையைப் பிடிக்க யாரையும் உள்ளே விடவில்லை. மரத்துப்போக மருந்து கொடுத்து, தடித்த ஊசியால் பென்சில் முனை அளவுக்குத் துணுக்குகள் எடுத்தார்கள். எலும்பு அவ்வளவு எளிதில் கத்திக்கு அடங்காது. அமிலத்தில் ஊறவைத்து இளக்கிய பிறகுதான் மெல்லிதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அதனால் முடிவு வரக் காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் செல்வி சர்க்கரைப் பொங்கல் வைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார். தொடையில் ஒட்டியிருந்த சின்ன பிளாஸ்திரியைக் காட்டி, கெட்டதையெல்லாம் எடுத்தாகிவிட்டது என்று அக்காவே அவரிடம் சொல்லியிருக்கிறார். எடுத்தது சோதனைக்கான மாதிரி மட்டும்தான் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அக்கா செல்வியை எனக்கு டீ போட அனுப்பினார்.

"நீ சொல்லிடாத. முடிவு வர்ற வரைக்கும் அவ நிம்மதியாத் தூங்கட்டும். பயந்த பொண்ணு."

"உனக்குத் தெரியுமாக்கா?"

"நீதான் அவ்வளவு நேரம் சொன்னியே. கட்டி அங்கயேதான் இருக்கு. கால் போயிடுமாடி?"

"முடிவு வந்தாதான்க்கா தெரியும்."

"சரி, அழுவாத. அவ டீ எடுத்துட்டு வந்துடுவா."

அந்த நாள்களில் செல்வி நன்றாகத் தூங்கினார். நான் தூங்கவில்லை.

எலும்பிலேயே பிறந்த புற்றுநோய் என்று முடிவு வந்தது. செல்வி அழுதார், அக்கா தேற்றினார். முறையாகத் துணுக்கு எடுத்திருந்ததால், நோய் இருந்த பகுதியை மட்டும் நீக்கி உலோகம் பொருத்திக் காலைக் காப்பாற்ற முடிந்தது. அக்கா கோலூன்றி வயல்வரை நடந்தார். பிறகு நோய் நுரையீரலுக்குப் போனது. கடைசி நாள்களில் வீட்டில் வலி மருந்தின் அளவைப் பார்த்துக்கொண்டது நான். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது யார் என்று எழுத வேண்டியதில்லை.

சிகிச்சை அளித்த மருத்துவர்கள், ரத்தம் கொடுத்த துறைமுக நண்பர்கள், கார் அனுப்பிய பக்கத்து வீட்டு ராவுத்தர் குடும்பத்தார் அனைவருக்கும் எங்கள் நன்றி. செல்விக்கும் நன்றி, இதை நானேதான் எழுதினேன், யாரும் சொல்லி எழுதவில்லை.

உண்மையை உங்களிடம்தானே சொன்னார், அது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று உறவினர்கள் என்னைத் தேற்றுகிறார்கள். இருக்கலாம். செல்விக்குச் சொன்ன பொய்யை அக்கா எனக்கும் ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கலாம். நான் நம்பியிருக்க மாட்டேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.