ஏழுமலையின் டிராக்டர் பேட்டரி

போன மாதம் அமாவாசையன்று, விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில், எங்கள் வேங்கிக்கால் தெருவில் கரண்ட் போனது. தெருவே திட்டித் தீர்த்தது. நான் ஒருவன் மட்டும் சிரித்துக்கொண்டே மொட்டை மாடிக்கு ஓடினேன்.

காரணம் — ஏழுமலை.

கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூட வாத்தியார். என்னைப் போலவே டெலஸ்கோப் பைத்தியம். திருவண்ணாமலையில் எல்லோருக்கும் பௌர்ணமி என்றால் எங்கள் இருவருக்கும் அமாவாசை. நட்சத்திரங்கள் பிறக்கும் அந்தப் புகைமேகம், ஓரியன் நெபுலா... அதைத் தன் கடலைக் கொல்லையில் நின்று படம் பிடித்தார். அப்படியே ரோஸ்மில்க் நிறம். நாங்கள் பிரின்ட் போடும் செங்கம் ரோடு ஸ்டுடியோவில் அதைப் பெரிதாக்கி மாட்டிவிட்டார்கள். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள்கூட நின்று பார்க்கிறார்கள்.

என் படம்? தெருவிளக்கின் மஞ்சள் ஏறி, ஆறிப்போன சாம்பார். கம்ப்யூட்டரில் மஞ்சளைக் குறைத்தேன். சிவப்பை ஏற்றினேன். இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்...

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, குங்குமம் கொட்டிட்ட மாதிரி இருக்குது?"

ஏழுமலை அதைவிட மோசம். மரியாதையாகச் சொன்னார். "கலர் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு சார். உங்க தப்பு இல்ல, உங்க ஏரியா வெளிச்சம் அப்படி."

இந்த அனுதாபம் இருக்கிறதே... வயிறு எரிந்தது.

அதனால்தான் பவர்கட்டுக்குக் காத்திருந்தேன். வந்தது. அருமையான இருட்டு. ஆசையாகப் படம் எடுத்துப் பார்த்தால் — நெபுலாவைக் காணோம். நட்சத்திரமெல்லாம் இழுபட்டு, கோடு கோடாகச் சேமியா.

வானம் நகர நகர, டெலஸ்கோப்பைக் கூடவே திருப்புவது ஒரு சின்ன மோட்டார். அது ஓடுவது வீட்டுக் கரண்டில். இருட்டு வேண்டுமென்று சாமி கும்பிட்டவன் இதை யோசித்தேனா?

வெட்கத்தை விட்டு ஏழுமலைக்கு போன் போட்டேன். "நீங்க மோட்டாரை எதுல ஓட்றீங்க?"

"டிராக்டர் பேட்டரிலதான் சார். எடுத்துட்டு வரட்டா?"

மறுநாளே பைக்கில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனுஷன். அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

அடுத்த பவர்கட்டில் விழுந்தது படம். ஓரமெல்லாம் சிவப்பு, நடுவில் நீலம் கலந்த வெளுப்பு. கம்ப்யூட்டரில் லேசாகத் தொட்டதோடு சரி. ஸ்டுடியோக்காரர் அதை ஏழுமலையின் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார்.

ஏழுமலை வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை.

"பேட்டரி நாளைக்கு வேணும் சார். உழவு இருக்குது."

கொல்லை முழுக்கக் கடலை நிற்கும்போது என்ன உழவு என்று நான் கேட்கவில்லை. அப்போது அவர் முகத்தில் வந்த நிறம் இருக்கிறதே... அது எந்த நெபுலாவிலும் கிடைக்காது!