பம்ப் இல்லாத இன்ஜின்

பேய், அதிசயம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். முருகனைக் கும்பிடுவேன், விபூதி பூசாமல் வேலைக்குப் போக மாட்டேன், அது வேறு. ஆனால் இது என் கண்ணால் பார்த்தது, நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி.

அந்தமானில் ஹேவ்லாக்கைத் தாண்டி ஒரு சின்னத் தீவில், டீசல் பவர்ஹவுஸில் எனக்கு வேலை. மூன்று இன்ஜின்கள். மூன்றாவதன் டீசல் பம்ப்பைக் கழற்றி முதல் இன்ஜினுக்குப் போட்டிருந்தோம், மெயின்லேண்டிலிருந்து சாமான் வரும்வரை இங்கே அப்படித்தான் ஓட்ட வேண்டும். ஆனாலும் வெள்ளிக்கிழமை இன்ஜின்களுக்குப் பொட்டு வைக்கும்போது அதை மட்டும் விட்டுவிட எனக்கு மனசு வராது. கூட வேலை பார்க்கும் பிஸ்வாஸ் தாதா பெங்காலிக்காரர், அவர்கள் பாஷையில் தாதா என்றால் அண்ணன். அவர் கேலி செய்வார்.

"அரே அண்ணா, அது செத்துப்போச்சு. செத்ததுக்கும் பூஜாவா?"

"உங்க வாயைக் கழுவுங்க தாதா!"

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் என் மகள் செல்விக்கு வலி எடுத்துவிட்டது. கடல் கொந்தளிப்பு, போர்ட் பிளேர் போட் கேன்சல், எங்கள் தீவு ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம், குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது என்றார்கள். கரண்ட் போய்விடக் கூடாதே என்று நான் பவர்ஹவுஸுக்கு வந்துவிட்டேன். பொழுது சாய்ந்து ஊரே விளக்குப் போடுகிற நேரம், அப்போது பார்த்து ஓடிக்கொண்டிருந்த இரண்டு இன்ஜின்களும் பொசுக்கென்று நின்றுவிட்டன. தீவு முழுக்க இருட்டு.

"நான் ஸ்டார்ட் பண்றேன், நீ பொண்ணுகிட்ட போ, ஜல்தி ஜல்தி!" என்று தாதா என்னைப் பிடித்துத் தள்ளினார்.

முருகா முருகா என்று மழையில் ஓடினேன். பார்த்தால், பிரசவ அறை ஜன்னலில் பளீரென்று வெளிச்சம்! தாதா ஜெயித்துவிட்டார் என்று நினைக்கும்போதே உள்ளே குழந்தை வீரிட்டது. நர்ஸ் வெளியே வந்தாள்.

"பேத்தி பொறந்திருக்கா, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. லைட் மட்டும் போயிருந்தா அந்தக் கொடியை எடுத்திருக்கவே முடியாதுங்க."

அப்போதுதான் திரும்பிப் பார்க்கிறேன். வராந்தா இருட்டு, ரோடு இருட்டு, தீவே இருட்டு. அந்த ஓர் அறையில் மட்டும் விளக்கு எரிகிறது!

பவர்ஹவுஸுக்கு ஓடி வந்தால் தாதா கையெல்லாம் ஆயிலோடு நிற்கிறார். "எந்த இன்ஜினும் ஸ்டார்ட் ஆகலை அண்ணா. இன்ஜின் சத்தம் கேட்டியா நீ?"

மூன்றாவது இன்ஜினில் கை வைத்தேன், வெடுக்கென்று எடுத்துவிட்டேன், அப்படிச் சுட்டது. பம்ப் இருந்த இடம் வெறும் ஓட்டை. தாதாவும் தொட்டுப் பார்த்து, "மா காளி!" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

என் முருகன்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பேத்திக்கு இப்போது இரண்டு வயது. கரண்ட் போய் நாங்கள் தட்டுத்தடுமாறி மெழுகுவர்த்தி தேடும்போது அவள் அழுவதே இல்லை. ஏற்றிக்கொண்டு வந்து பார்த்தால், அணைந்து கிடக்கும் பல்பை அண்ணாந்து பார்த்தபடி, கண் கூசுகிறவள் போல நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டிருக்கிறாள்.