சரோஜா மிஸ் என்ற கோழி

1. செய்தி வந்த காலை

என்னை அடித்துக் குழம்பு வைத்துவிட்டார்கள் என்ற செய்தி ஒரு நாள் காலையில் போனில் வந்தது. அப்போது நான் பெங்களூர் விவேக் நகரில் எங்கள் குழந்தைகள் ஹோமில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஹோமில் நான் கவுன்சிலர். ஹோமில் வளரும் பிள்ளையைத் திரும்பக் குடும்பத்தோடு சேர்த்துவைப்பதை எங்கள் தொழிலில் ரீஇன்டக்ரேஷன் என்பார்கள். அதற்கு டிரெய்னிங்கில் நிறைய ஸ்லைடு காட்டுகிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு கோழிக் கதைதான்.

நிரோஷாவுக்குப் பத்து வயது. தமிழ்நாட்டில் அகதி முகாமில் பிறந்தவள். போரில் இடிந்த வீட்டைக் கட்டி முடித்துவிட்டு மனைவியையும் குழந்தையையும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று அப்பா சிவராசா முதலில் இலங்கைக்குத் திரும்பினார். அம்மா வேலை தேடிக் குழந்தையோடு பெங்களூர் வந்தார். வந்த இடத்தில் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை எங்களிடம் வந்து சேர்ந்தாள்.

நிரோஷா தங்கமான பிள்ளை. அதுதான் எனக்குக் கவலை. சாதம் குழைந்தால் சாப்பிடுவாள், குழையாவிட்டாலும் சாப்பிடுவாள். அவளுடைய பென்சிலை யாராவது பிடுங்கினால் ரப்பரையும் சேர்த்துக் கொடுப்பாள்.

பிள்ளையை அனுப்புவதற்கு முன் சில மாதம் வாராவாரம் வீடியோ கால் போட்டுப் பழக்குவது எங்கள் வழக்கம். சிவராசா அந்த ஊர் வழக்கப்படி மகளிடம் மரியாதையாகப் பேசுவார்.

"சாப்பிட்டீங்களோ மகள்?"

"ம்."

"பள்ளிக்கூடம் போனீங்களோ?"

"ம்."

போனை வைத்ததும் அவள் என்னைக் கேட்பாள்: "ஏன் மிஸ் அவரு ஆபீசர் மாதிரியே பேசறாரு?"

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு பழுப்புக் கோழி அப்பாவின் தோளில் ஏறி, கழுத்தைச் சாய்த்து, போனை உற்றுப் பார்த்துவிட்டு ஒரு கொத்துக் கொத்தியது. நிரோஷா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மிஸ், இது உங்கள மாதிரியே பாக்குது! கண்ணாடிக்கு மேல பாப்பீங்கல்ல, அதே மாதிரி!"

அன்றே அதற்கு என் பெயரையே எடுத்துச் சரோஜா மிஸ் என்று வைத்தாயிற்று. எனக்கு உள்ளூரப் பெருமைதான். அதன் பிறகு கால் முழுக்க கோழியோடுதான் பேச்சு. சிவராசா பாவம், கோழியைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்டாண்டாக ஆகிவிட்டார். கேஸ் ஃபைலில் 'தந்தையுடன் பேச்சு குறைவு, கோழியுடன் நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன்.

எங்கள் டைரக்டர் மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்மா சரோஜா இப்படி எழுதற? கமிட்டியில படிச்சா சிரிக்க மாட்டாங்களா?"

2. விருந்தாளி

அனுப்புவதற்கு முன் அந்த ஊரில் உள்ள சமூகப் பணியாளர்கள் வீட்டைப் போய்ப் பார்ப்பார்கள். கூரை இருக்கிறதா, கக்கூஸ் இருக்கிறதா, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம். இதற்கு ஹோம் ஸ்டடி என்று பெயர். அது நடந்த மறுநாள்தான் அந்தப் போன்.

"ரீச்சர், ஒரு பிழை நடந்துபோச்சு," என்றார் சிவராசா. "வீடு பாக்க ஆக்கள் வந்தவை. வெறும் தேத்தண்ணியோட அனுப்பேலுமோ? பிள்ளையை விடமாட்டம் எண்டு சொல்லிப்போட்டால்? வேற கோழி இல்லை ரீச்சர். உங்களைத்தான் கறியாக்கிப்போட்டன்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "எப்படி இருந்ததாம்?" என்று கேட்டேன்.

"நல்ல ருசி எண்டு சொன்னவை," என்றவர் உடனே அழ ஆரம்பித்துவிட்டார்.

அழத்தான் வேண்டும். அடுத்து பிள்ளையைக் குழந்தைகள் நலக் கமிட்டி கூப்பிட்டு விசாரிக்கும். 'போகிறேன்' என்று அவள் வாயாலேயே சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால் ஃபைலை மூடிவிடுவார்கள். அவளுக்கு அந்த வீட்டில் பிடித்திருந்ததோ அந்தக் கோழி ஒன்றுதான்.

3. மேடம் போட்ட பிளான்

"வேற கோழிய காட்டச் சொல்லு. பிரவுன் கோழி எல்லாம் ஒரே மாதிரிதானே!" என்றார் மேடம்.

"வேணாம் மேடம், இந்தப் பிள்ளைங்ககிட்ட பொய் சொன்னா உடனே தெரிஞ்சுரும்," என்றேன்.

"கமிட்டி முடியட்டும், அப்புறம் நானே சொல்லிக்கறேன். நீ சும்மா இரு."

சிவராசா அவசரத்தில் பக்கத்து வீட்டில் ஒன்றை இரவல் வாங்கிவந்து போன் முன்னால் பிடித்தார். நிரோஷா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது சரோஜா மிஸ் இல்ல."

"அதேதான் கண்ணா, கொஞ்சம் இளைச்சிருக்கு," என்றார் மேடம்.

"சரோஜா மிஸ்ஸாவது, இளைக்கறதாவது." இதைச் சொல்லும்போது பிள்ளை என்னைத்தான் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து அது கழுத்தை நீட்டிக் 'கொக்கரக்கோ' என்று கூவித் தொலைத்தது. கொண்டை சரியாக முளைக்காத இளஞ்சேவல். மேடம் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"எங்க அவங்க?" என்றாள் நிரோஷா.

சிவராசா சேவலைக் கீழே விட்டார். "சமைச்சுப்போட்டன் மகள்."

"என்னது? வளக்கற கோழிய யாராச்சும் சாப்பிடுவாங்களா? அறிவிருக்கா உங்களுக்கு? அவங்களுக்குப் பேர் வெச்சது நானு! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? இதுல சேவல வேற காட்டி ஏமாத்தறீங்க! பொய் சொல்ற அப்பா! போப்பா! கோழி தின்னி அப்பா!"

மூச்சு விடாமல் திட்டினாள். ஹோமே வாசலில் கூடிவிட்டது. அந்தப் பக்கம் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏசுங்கோ மகள், நல்லா ஏசுங்கோ. உங்களை அனுப்பமாட்டினம் எண்டு பயந்துபோனன்," என்று மட்டும் சொன்னார்.

போனை என் மடியில் எறிந்துவிட்டு அவள் ஓடிவிட்டாள்.

"எல்லாம் போச்சு," என்று மேடம் நாற்காலியில் சரிந்தார். எனக்கோ சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவரை அவள் அப்பா என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

4. கமிட்டி

கமிட்டித் தலைவர் அம்மா, "ஹேளு புட்டி" என்று, அதாவது சொல்லு குட்டி என்று, கன்னடத்தில் கொஞ்சிவிட்டுத் தமிழுக்கு மாறினார். "அப்பாகிட்ட போறியாம்மா?"

மேடம் என் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

"போறேன்," என்றாள் நிரோஷா.

"அப்பாவ உனக்குப் பிடிக்குமா?"

"ரொம்பக் கோவமா இருக்கேன். போன்ல திட்டினது பத்தல. நேர்ல போய்த்தான் மீதியத் திட்டணும்."

தலைவர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வீடியோ காலில் பிள்ளை சண்டை போட்டால் குறுக்கே விழுந்து போனைப் பிடுங்காதீர்கள். எங்கள் ஹோமில் அவளுக்குப் படுக்கை கொடுத்தோம், படிப்புக் கொடுத்தோம், பிறந்த நாளைக்குக் கேக்கும் வெட்டினோம். ஹோமை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் எங்களிடம் ஒரு நாள்கூட அவள் குரலை உயர்த்தியதில்லை. பயமில்லாமல் கத்துவதற்கு அவளுக்கு ஒரு அப்பா வேண்டியிருந்தது.