ஊமைக் கல்லும் டொக்கக்காவும்

டொக்கக்காவுக்குக் காது போய்விட்டதாம் என்ற செய்தி ஊரெல்லாம் சுற்றிவிட்டு, டொக்கக்காவின் காதுக்குக் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. அப்போது அவள் இரும்புக் கடையில் வாளி வாங்கிக்கொண்டிருந்தாள். அடுக்கியிருந்தவற்றை விரல் முட்டியால் டொக் டொக்கென்று ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்கையில், கடைக்காரர் தன் மனைவியிடம் கிசுகிசுத்தார்: "பாவம், சுத்தமா கேக்கலையாம். கொழுந்தன்காரனே சொன்னான்."

"கேக்குது, கேக்குது. இந்த வாளி அடியில கீறல். வேற எடுங்க" என்றாள் அவள், திரும்பாமலேயே.

வீட்டுப் பூஜைக்குப் பளிங்கு மண்டபம் செய்வது அவள் தொழில். அரையாள் உயரம், நான்கு தூண், முன்னால் ஒரு வளைவு, மேலே தாமரை மொட்டு வைத்த குவிமாடம். அந்தக் குவிமாடத்தை ஒட்டுப் போடாமல் ஒரே கல்லில் குடைந்து எடுப்பவர்கள் அந்த வட்டாரத்தில் இரண்டே பேர்: அவள் ஒருத்தி, அவள் பட்டறையிலிருந்து பிரிந்துபோய் அடுத்த தெருவில் மிஷின் போட்டிருக்கும் கொழுந்தன் ஒருவன். கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்துவிட்டால், எல்லாம் முடியும் சமயத்தில் பிளந்துகொண்டு பட்ட பாடெல்லாம் மண்ணாகும். அதனால்தான் முதலில் தட்டிப் பார்ப்பது. நல்ல கல் கணீரென்று பேசும். விரிசல் கண்ட கல் மழுங்கலாக முனகும். பட்டறையில் அதற்கு ஊமைக் கல் என்று பெயர்.

தட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? தர்பூசணி, கதவு, தண்ணீர்த் தொட்டி, தூங்குகிற கணவனின் மண்டை, எதையும் விடமாட்டாள். "நல்லா சத்தம் வருது. உள்ள ஒண்ணும் இல்ல" என்பாள். பாலிஷ் போடுவதைத் தவிர வேறெதிலும் தலையிடாத அந்த மனிதர் புரண்டு படுத்துக்கொள்வார்.

வதந்தியில் பாதி உண்மை இருந்ததுதான் சிக்கல். கல் தேய்க்கும் கிரைண்டரின் இரைச்சலில் அவளுடைய வலது காது மங்கிக்கொண்டே வந்தது. கணவருக்குத் தெரியும், இடப்பக்கம் வந்து நின்றுதான் பேசுவார். வெளியில் தெரிந்தால் யார் நம்பி ஒற்றைக்கல் வேலை கொடுப்பார்கள் என்று அவள் வாய் திறந்ததில்லை.

வேன் ஓட்டும் ஒருவர், மகளின் புது வீட்டுக்கு மண்டபம் கேட்டு வந்தபோது அந்தப் பயம் பலித்தது. அவரையும் கூட்டிக்கொண்டு கல் கிடங்குக்குப் போனாள். இரண்டு கட்டிகள் இருந்தன. ஒன்று பால் வெள்ளை. இன்னொன்றில் சாம்பல் நிறக் கோடு ஒன்று குறுக்கே ஓடியது. வெள்ளையைச் சுத்தியலால் தட்டினாள். தட்டிய கையோடு, இடக்கை விரல்களை நாடி பிடிப்பதுபோல் எதிர்ப்பக்கக் கீழ்மூலையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது வேண்டாம். ஊமை."

கல் எடுக்க வந்திருந்த கொழுந்தன் சிரித்துவிட்டான். மேல் பக்கத்தில் தானும் ஒரு தட்டுத் தட்டினான். கணீரென்றது. "என்ன அண்ணி, மணி மாதிரி பேசுது. இதைப் போய் ஊமைங்கறீங்களே! குறை கல்லுல இல்ல."

வேன்காரர் கல்லைப் பார்த்தார். அவள் காதைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வீட்ல வெள்ளையாதான் வேணும்னாங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கொழுந்தனோடு போனார்.

பட்டறைக்குத் திரும்பியதும் கணவர் இடப்பக்கம் வந்து நின்றார். "ஒருவேளை, அவன் சொல்றதுதான் சரியோ?"

"நான் தட்டினது பாதி வழியிலயே நின்னுபோச்சுங்க. என் விரலுக்கு வந்து சேரல. விரலுக்கு எதுக்குங்க காது?"

யாரும் கேட்காமலேயே, கோடு விழுந்த கல்லையும் அதேபோல் தட்டி விரல் வைத்துப் பார்த்து, வாங்கிப்போட்டு வேலையை ஆரம்பித்தாள். அந்தக் கோடு அடியில் புறப்பட்டு, வளைந்து ஏறி, மொட்டில் போய் முடியும்படி கல்லைத் திருப்பி வைத்துக்கொண்டாள். உள்ளே டார்ச் அடித்தால் வெளியே வெளிச்சம் கசிகிற அளவுக்குக் குடைந்தாள். அவ்வளவு மெல்லிசாக இதுவரை அவளே குடைந்ததில்லை. ஒவ்வொரு அடிக்கும் கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிறகு விட்டார்.

பாலிஷ் முடிந்து துணி போட்டு மூடியிருந்த நாளில் வேன்காரர் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"பொளந்துடுச்சும்மா. மொட்டு செதுக்குறப்ப ரெண்டா பொளந்துடுச்சு."

"எந்தப் பக்கத்துலேர்ந்து?"

"கீழ்மூலையிலேர்ந்து. நீங்க அன்னிக்கு விரல் வெச்சீங்களே, அங்கேர்ந்துதான்."

டொக்கக்கா துணியை உருவினாள். குவிமாடத்துக்குள் டார்ச்சை வைத்தாள். பளிங்கு முழுக்க உள்ளிருந்து ஒளி பூத்தது; சாம்பல் கோடு ஊதுபத்திப் புகையாக வளைந்து ஏறி மொட்டில் கரைந்தது. வேன்காரர் வாயைத் திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை.

"என்ன, நீங்களும் ஊமையாயிட்டீங்களா?"

"இது யாருக்கும்மா?"

"உங்க பொண்ணுக்குத்தான். வேன் ஓட்டுற மனுஷன், நடுவுல வழி தவறிட்டீங்க. அவ்வளவுதானே!"

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். கணவரும் சிரித்தார், அந்தப் பட்டறையில் அது அபூர்வம்.

"இன்னொண்ணு. என் வலது காது பாதி போச்சு, நிஜம்தான். போற எடமெல்லாம் சொல்லுங்க. கல்லை நான் காதால மட்டும் கேக்கறதில்லன்னு, அதையும் சேர்த்துச் சொல்லுங்க." இத்தனை காலம் மறைத்து வைத்ததைத் தெருவுக்கே கேட்கும் குரலில் சொன்னாள்.

அவர் போன சற்று நேரத்தில், மரக்கட்டைகள் மேல் கிடத்தியிருந்த புதுப் பலகைக்கல்லின் ஒரு மூலையில் அவளுடைய போன் அதிர ஆரம்பித்தது. கணவர் எட்டிப் பார்த்தார்.

"தம்பிதான். கல்லு பார்த்துத் தரச் சொல்லிக் கூப்பிடுறான்போல. எடேன்."

அவர் நீட்டிய கையை அவள் தட்டிவிட்டாள். சுற்றிக்கொண்டு கல்லின் மறுமூலைக்குப் போய், இடக்கை விரல்களை அதன்மேல் வைத்துக் கண்ணை மூடினாள். போன் உறுமிக்கொண்டே நகர்ந்தது; அந்த அதிர்வு கல்லுக்குள் ஓடி அவள் விரலுக்கு வந்து சேர்ந்தது. ஓய்ந்தது. மறுபடி அதிர்ந்தது. பேச வந்த கணவரை வலக்கையால் அமர்த்திவிட்டு, முகம் மெல்ல மலர, விரல்களை அடுத்த மூலைக்கு நகர்த்தினாள்.