கடலில் கை தூக்கிய கதை

மீன்சுருட்டியில் எங்கள் வயல் கிணற்றில், மோட்டார் கொட்டகை மேலிருந்து தலைகீழாகப் பாய்கிற ஆள் யாரென்று கேட்டால் என்னைத்தான் சொல்வார்கள். நாற்பத்திரண்டு வயதிலும் பாய்வேன். தொப்பை வந்ததில் சத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். அப்பேர்ப்பட்ட எனக்குத் தண்ணீரில் பரீட்சை வைத்தார் என் மச்சான்.

மச்சான் என் மனைவிக்கு அண்ணன். துபாயில் கட்டட வேலை நடக்கிற இடத்தில் சேஃப்டி ஆபீசர். லீவில் வந்தால் பரணில் ஏறக்கூட ஹெல்மெட் கேட்பார். இந்த முறை ஒரு பெட்டி நிறையக் கடல் சாமான்: மூக்கையும் சேர்த்து மூடுகிற கண்ணாடி, வாயில் கவ்வி மூச்சுவிடுகிற குழாய், காலில் மாட்டுகிற ரப்பர் துடுப்பு, ஆரஞ்சு ஜாக்கெட். ராமநாதபுரம் பக்கம் ஓர் இடத்தில் கரையிலிருந்தே இறங்கிப் பவளப்பாறை பார்க்கலாமாம். என் மனைவி சந்தோஷத்தில் குதித்துவிட்டாள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஊர்சுற்றல் இதுதான். ஆனால் கிணற்றில் பாஸ் ஆனவர்களுக்கு மட்டும்தான் கடல் என்று மச்சான் சொல்லிவிட்டார். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, குழாயில் மூச்சுவிட்டுக்கொண்டு, பத்து நிமிஷம் சும்மா மிதக்க வேண்டும்.

சும்மா இருப்பதுதான் எனக்கு வராது. ஒரே நிமிஷத்தில் பாதிக் கிணற்றைக் குடித்தேன். கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உள்ளே எச்சில் துப்பித் தேய்க்க வேண்டுமாம். துப்பினதை மூஞ்சியில் மாட்டுகிற ஆள் நான் இல்லை என்று சண்டை போட்டேன். அப்படியே மாட்டினேன், கண் தெரியாமல் மோட்டார் குழாயில் மண்டையை இடித்துக்கொண்டேன்.

அவளுக்கோ, சின்ன வயதில் இடுப்பில் பிளாஸ்டிக் கேன் கட்டிப் பழகிய நீச்சல்தான். ஜாக்கெட்டோடு குப்புறப் படுத்தவள் கை கால் அசைக்கவில்லை. ஐந்தாவது நிமிஷம் புல் அறுக்க வந்த பக்கத்து வயல் அம்மா கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார். மூன்று வயல் ஆட்கள் கயிற்றோடு ஓடி வந்தார்கள். என் மனைவிக்கு ஒன்றும் கேட்கவில்லை. பத்து நிமிஷத்தை முழுசாக முடித்து நிமிர்ந்தவள், எதற்கு இத்தனை கூட்டம் என்று கேட்டாள். நான் மூன்றாம் நாள்தான் பாஸ், அதுவும் மச்சான் கருணையில்.

கடற்கரையில் மச்சான் முதலில் மீனவர்களிடம் நீரோட்டம் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். காவலுக்கு ஒருவரை வள்ளத்தோடு பேசி நிறுத்தினார். பிறகு எங்களை மணலில் உட்கார வைத்துப் பாடம். துடுப்போடு பின்பக்கமாக நடந்து இறங்கணும், பாறையைத் தொடவோ மிதிக்கவோ கூடாது, ஜோடியை விட்டு விலகக் கூடாது, அடிக்கடி நிமிர்ந்து கரையிலிருக்கிற ஒற்றைப் பனையைப் பார்த்துக்கொள்ளணும்.

"முடியலன்னா தண்ணியோட மல்லுக்கட்டாதீங்க மாப்ள. கையத் தூக்குங்க. வள்ளம் வரும்" என்றார்.

கை தூக்குகிற வம்சம் நாங்கள் இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஜாக்கெட் வேண்டாமென்றதற்கு, அப்படியானால் பஸ் ஏறுங்க என்றார். மாட்டினேன். எனக்கு ஜோடி என் மனைவி.

உள்ளே பார்த்ததும் என் வாய் அடைத்துப்போனது. குழாய் இருந்ததால் மட்டும் இல்லை. முட்டைக்கோஸ் மாதிரி பாறைகள், நடுவில் கோடு போட்ட மீன்கள். ஒரு மீன் என் கண்ணாடிக்கு நேரே வந்து யார் என்ன என்று விசாரித்துவிட்டுப் போனது. அடடா, பனையாவது மண்ணாவது! எங்கள் கிணற்றில் எவ்வளவு நேரம் மிதந்தாலும் பத்தடியில் சுவர் வந்துவிடும். தண்ணீர் சத்தமில்லாமல் ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவள் தோளைத் தட்டினாள். நிமிர்ந்தால் பனைமரம் தீக்குச்சி அளவுக்கு இருந்தது. வெறி பிடித்த மாதிரி நீந்தினேன். பனை கிட்டே வரவில்லை. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. பயந்துவிட்டேன், சொல்வதற்கென்ன. ஜாக்கெட் மிதக்க வைத்தது. ஆனாலும் கை எழவில்லை. மச்சான் சிரிப்பார், மீன்சுருட்டியே சிரிக்கும்.

அவள் குழாயைத் துப்பிவிட்டு, "கையத் தூக்குங்க" என்றாள். தலையை ஆட்டினேன்.

"சரி, நான் தூக்கவா?"

தூக்கினேன். வள்ளம் வந்தது. அதில் ஏறி உட்கார்ந்ததும், எந்த மீன் நல்லா இருந்தது என்று அசட்டுத்தனமாக அவளிடம் கேட்டேன். "நான் எங்க மீனப் பாத்தேன், ஒங்களத்தான் பாத்துகிட்டு வந்தேன்" என்றாள்.

கரையில் மச்சான் நோட்டோடு நின்றார். யாருக்கு முடியாமல் போனது என்று கேட்டார். அந்த ஆளுக்கு மதியம் கடல் கிடையாது. நான் துண்டுக்குள் முகத்தைப் புதைத்து ரொம்ப நேரம் துடைத்தேன்.

"எனக்குத்தாண்ணே மூச்சு வாங்குச்சு. அதான் அவங்க கையத் தூக்குனாங்க" என்றாள் அவள்.

மச்சான் எழுதிக்கொண்டார். அவள் மணலில் போய் உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரம் முழுக்கக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் மீன் குழம்பைச் சாப்பிட்டு முடித்தேன். நீரோட்டம் அடங்கிவிட்டது, கிளம்பலாம் மாப்ள என்று மச்சான் என்னைக் கூப்பிட்டபோது அதற்கு மேல் முடியவில்லை.

"முடியாம போனது எனக்கு மச்சான். அவளுக்கு ஒண்ணுமில்ல."

சிரிப்பார் என்று காத்திருந்தேன். நோட்டைத் திறந்து, அடித்து எழுதினார். "எந்தக் கால்?" என்று மட்டும் கேட்டார். வலது கால் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

அதற்குள் அவள் ஒரு துடுப்பை மாட்டி முடித்திருந்தாள். "அப்ப என் துண்டப் புடிங்க" என்று தூக்கி என் மேல் போட்டுவிட்டு, அண்ணன் பக்கத்தில் வர, பின்பக்கமாக நடந்து கடலுக்குள் இறங்கினாள். இறங்குகிற வரைக்கும் என்னைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தாள்.