பாகூர் பஸ்ஸில் கிடைத்த பெயர்

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆவணி மாதக் காலையில், பாகூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் நடந்தது இது. அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் மடியில் ஒன்றரை மாதப் பெண் குழந்தை. கூட்டத்தில் முன்னால் போய் நின்றுகொண்ட என் வீட்டுக்காரர். எதிர் சீட்டில், காலடியில் மீன் கூடையோடு மணப்பட்டு ஊர் அம்மா ஒருவர். எனக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக, நூல் சேலை கட்டிய வயதான பெண்மணி.

நான் எட்டாவதோடு நின்றவள். வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். பயம் என் கூடப் பிறந்தது. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போய், தெருமுனையிலிருந்து மறுபடி திரும்பி வருகிற ரகம். அன்று குழந்தைக்கு முதல் முத்தடுப்பூசி. ஊசி போட்டால் காய்ச்சல் வருமே, அப்புறம் குடிக்காதே என்ற கவலையில், பசிக்கு அழாத குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே வந்தேன். பங்காளி வீட்டில் சாவு விழுந்ததால் பெயர் வைப்பது தள்ளிப்போயிருந்தது. அதுவரை வெறும் பாப்பாதான்.

கரும்பு வயல்களைத் தாண்டும்போது பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கித் தூக்கிப்போட்டது. பால் புரையேறிவிட்டது. குழந்தை வாயைத் திறக்கிறது, சத்தம் இல்லை. உதடு நீலமாகிறது. எனக்குக் கத்தக்கூட வரவில்லை. மீன்கார அம்மாதான், "ஐயோ, கொயந்தயப் பாரும்மா! வண்டிய நிறுத்துப்பா!" என்று கத்தினார்.

பக்கத்துப் பெண்மணி குழந்தையை என் மடியிலிருந்து எடுத்து, முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்திப் பிடித்து, முதுகில் தட்டினார். யாரோ முகத்தில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார்கள். "சும்மா இருங்க" என்று ஒரு அதட்டல். மறுபடி தட்டினார். பால் வெளியே வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது. அதைவிட நல்ல சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ரெனே... வாடி ரெனே" என்றார்.

உங்கள் பெயரா என்று கேட்டேன். "என் பேரு இல்லம்மா, இனிமே இவ பேரு" என்று சிரித்தார். பிரான்சில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவராம். ரெனே என்றால் மறுபடி பிறந்தவள் என்று அர்த்தமாம். பழைய லத்தீனிலிருந்து வந்த பெயர். ஞானஸ்நானம் வாங்குகிறவர்கள் புதிதாகப் பிறக்கிறார்கள் என்று அந்தக் காலத்தில் வைக்க ஆரம்பித்தார்களாம். ஆம்பிளைக்கும் உண்டாம்.

"நான் வேலைக்குச் சேந்தப்ப வார்டுக்கு நாலு ரெனே இருப்பாங்க. எல்லாம் கெழவிங்க. இப்ப பொறக்குற கொயந்தைக்கு அங்க யாரும் வைக்கிறதில்ல. பாட்டி பேருன்னு வுட்டுட்டாங்க."

அரியாங்குப்பத்தில் இறங்கிப் போய்விட்டார். நாங்கள் அழுதுகொண்டிருந்ததில், அவர் பெயரைக் கேட்காமலே விட்டுவிட்டோம்.

அடுத்த வாரம் பெயர் வைத்தோம். எங்கள் வழக்கத்தில் அத்தைக்காரிதான் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். அவர் வாயிலிருந்து வராதது பெயரே இல்லை. என் நாத்தனாரை நான் அதுவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இன்னா பேருடி இது, சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க பேரு! ரேணுகான்னு வையி. கிட்டக்கத்தானே வருது?"

"இல்ல அண்ணி, இதான்" என்றேன்.

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "மறுபடி பொறந்தவன்னா, ஒரு தபா செத்துட்டான்னு ஆவுதேக்கா. தெனம் அத்தச் சொல்லியா கூப்புடறது?"

அதேதான் என் பயமும். வாரம் முழுக்க அதை நினைத்து நினைத்துத் தையலே ஓடவில்லை. ரேணுகா என்றே இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

நாத்தனார் தம்பியை முறைத்தார். "இதுல செத்தான்னு எங்கடா வருது? பொறந்தான்னுதானே வருது?"

குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, காதருகே வெற்றிலையை மறைவாகப் பிடித்து, மூன்று முறை சொன்னார்.

இன்று தெருவே கேட்க அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவரும் அவர்தான். மகள் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறாள். செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, "மா, அந்த ஊர்ல என் பேரு கெழவிங்களுக்குத்தான் இருக்குதாம். பொறந்தப்பவே என்னைப் பாட்டியாக்கிட்டியே" என்று சண்டைக்கு வருவாள். கரும்பு இருந்த இடத்தில் இப்போது மனைக் கற்கள் நிற்கின்றன. அந்தப் பள்ளமும் இல்லை. அந்த இடத்தைத் தாண்டும்போது நான் மட்டும் இன்னும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டதும், தைக்கிறதை அப்படியே விட்டுவிட்டு "ரெனே" என்று கூப்பிடுவேன். "இன்னாம்மா" என்று அவள் குரல் வருகிறவரை நான் அந்த பஸ்ஸில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அது வந்த பிறகுதான் எனக்கும் மூச்சு வருகிறது.