தேங்காயெண்ணெய் குடித்த பிக்கப்

பழைய டீசல் பிக்கப் ஒன்றை விலை பேசப் போயிருந்தேன். விற்பவர் ஸ்டார்ட் செய்ததும் என்னையறியாமல் பின்னால் போய்ப் புகையை மோந்து பார்த்தேன்.

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் நான் சிறுமியாக இருந்தபோது, வெங்காயம் ஏற்றுவதற்கென்று எங்கள் ஐயாவும் இப்படியொன்று வாங்கினார். போர்த்தடையால் டீசல் நின்றுபோக, மண்ணெண்ணெயில் தேங்காயெண்ணெய் கலந்து ஓட்டினார். தெருவெல்லாம் வடை சுட்ட மணம்.

"என்ரை தலைக்கு எண்ணெயில்லை, உந்தக் கிழட்டு வாகனத்துக்கு எண்ணெய் முழுக்கோ?" என்று அம்மா கத்துவார்.

ஊரைவிட்டுப் போன அன்று, அயலவரின் சாமான் ஏற்றிய வண்டிலையும் பிக்கப்பின் பின்னால் கட்டினோம். எண்ணெய் போதவில்லை. கேட்காமலே அம்மா தன் தலைக்கென்று சேர்த்து வைத்திருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலை நீட்டினார். ஐயா ஊற்றிவிட்டு, அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இது உம்மடை தலைக்கு."

"என்னக்கா, மணந்து பாக்கிறியள்? எஞ்சின் நல்லம்," என்றார் விற்பவர்.

"ஓம் தம்பி, எஞ்சின் நல்லம். வடை மணம்தான் காணாது."